பாயில் இருந்து எழும் குரல்

அன்பான நேயர்களே, வணக்கம்.

சின்ன வயதில் கன்னன்குடாவில் விடிய விடிய ஒரு வடமோடிக் கூத்துப் பார்த்தேன். சாமம் தாண்டியிருக்கும். களரியில் நின்றவருக்கு ஒரு தருவின், அதாவது கூத்துப் பாட்டின், அடி மறந்துபோயிற்று. பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்குமுன்பே, பாயில் குந்தியிருந்த கிழவிமார் அதைப் பாடிவிட்டார்கள். ஒரு ராப் அல்பம் எப்படி நிலைக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்கள்தான் கேட்கும்.

நியூயோர்க்கின் குயீன்ஸ்பிரிட்ஜ் தொடர்மாடிகளில் வளர்ந்தவர் ராப் பாடகர் நாஸ். 1994 ஏப்ரலில், இருபது வயதில், ‘இல்மாட்டிக்’ அல்பத்தை வெளியிட்டார். ஓர் அறிமுகம், ஒன்பது பாட்டு. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ‘த சோர்ஸ்’ என்ற ராப் இசைச் சஞ்சிகை தன் உச்சப் புள்ளியான ஐந்து மைக்கை உடனே கொடுத்தது. விற்பனைப் பட்டியலிலோ அது 12ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. பத்து இலட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று 2001இல்தான் வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது 2021இல். நாஸின் முதல் கிராமி விருதும் அதே ஆண்டில்தான், அதுவும் வேறோர் அல்பத்துக்கு!

அந்த 27 வருடமும் அதைச் சுமந்தவர்கள், வரிவரியாகப் பாடமாக்கிய பிள்ளைகள். அதன் எதுகை அடுக்கைக் கேட்டுத் தங்கள் எழுத்தைத் திருத்திக்கொண்ட பாடகர்கள். திரும்பத் திரும்ப அதைப் பற்றி எழுதிய விமர்சகர்கள். விருது பிந்தித்தான் வரும். 1989இல் கிராமி முதன்முதல் ராப்புக்கு விருது கொடுத்தபோது அதைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. அதனால் வென்றவர்களே விழாவுக்குப் போகவில்லை. 2018இலோ ராப் பாடகர் கென்ட்ரிக் லமாருக்கு இசைக்கான புலிட்சர் பரிசே கிடைத்தது.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டு அறைக்குள் ராப் பதிவுசெய்யும் தம்பி தங்கச்சிமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி எனக்கு ஓர் இறுவட்டுத் தந்தார். நம் வாவிக்கரைப் பேச்சு அப்படியே தாளத்தில் விழுந்திருந்தது. இன்று அதில் கீறல் விழுந்து பாட்டுக் கேட்காது. எழுதியவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் கூத்துக் கொப்பியைப் பிரதிபண்ணிப் பிரதிபண்ணித்தானே காப்பாற்றினார்கள்? வரிகளை எழுதி வையுங்கள். பாடியவர், இசையமைத்தவர், ஊர், திகதி எல்லாம் அதில் இருக்கட்டும்.

கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரின் அல்பத்தைப் பாட்டுப் பாட்டாக எடுத்து எழுதுங்கள். எந்த அடி நின்றது, எங்கே தாளம் தப்பியது என்று கூசாமல் எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.