ரயில் ஓட்டப் போறீங்களா? கோச்சிங்குக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே! பெரம்பூர் ஸ்டேஷன் வாசல்ல, நம்ம வழக்கமான டீக்கடை ஓரமா நிக்கறேன். சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னிக்கு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணுல அவ்ளோ சந்தோஷம். இன்னொண்ணுல வயிறு எரியுது.

சந்தோஷத்தை முதல்ல சொல்லிடறேன். 400 ரூபாய் வந்துடுச்சு! போன வீடியோ பாத்தவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன். என் தம்பிக்கு 19 வயசு, ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சிருக்கான். ரயில்வேல அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது ரயில் டிரைவருக்கு உதவியாளர் வேலைக்குப் போட்டிருக்கான். விண்ணப்பத்துக்கு 500 ரூபாய். முதல் தேர்வு போய் எழுதிட்டா அதுல 400 ரூபாய், பேங்க் சார்ஜ் பிடிச்சுட்டு, திருப்பித் தருவாங்க. எழுதப் போகலன்னா வராது. இவன் என்ன பண்ணான், அம்மா பாஸ்புக்கைப் பாத்து கணக்கு நம்பர் போட்டான். அது பழைய பாஸ்புக். அந்த பேங்கை வேற பேங்கோட சேத்துட்டாங்க, ஐஎஃப்எஸ்சி கோடே மாறிடுச்சு. அப்புறம் தான் கண்டுபிடிச்சோம். கணக்கு நம்பரைத் திருத்தறதுக்குன்னு வெப்சைட்டைத் தனியா கொஞ்ச நாள் திறந்துவிட்டாங்க, அதுல போய் உக்காந்தா ஓடிபி வரல. அம்மா போன்ல மெமரி ஃபுல். எல்லா போட்டோவையும் அழிச்சு, போனை அணைச்சுப் போட்டு, ராத்திரி பதினொன்றரைக்கு ஓடிபி வந்துச்சு! திங்கட்கிழமை காலைல அம்மா மாவு அரைச்சிட்டு இருக்காங்க, மெசேஜ் சத்தம். கையைக் கூடக் கழுவாம ஓடி வந்து காட்டறாங்க. 400க்குக் கொஞ்சம் கம்மியா, வந்துடுச்சு. வீட்டுல திருவிழா தான் போங்க.

ஆங், சொல்ல மறந்துட்டேன். பொண்ணுங்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிள்ளைங்களுக்கும் கட்டணமே 250 தான். தேர்வு எழுதினா அது மொத்தமும் திரும்பி வரும், சார்ஜ் மட்டும் போகும். தங்கச்சிங்க நிறைய பேர் பாக்கறீங்க, தைரியமா போடுங்க.

இப்போ வயிறு எரியற கதை. அடுத்த கட்டத் தேர்வுக்குத் தம்பிக்கு ஒரு கோச்சிங் சென்டர் பாக்கப் போனோம். பேர் வேணாம். 22,000 ரூபாய் கேட்டாங்க. சரி, கேக்கட்டும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், சேக்கறதுக்கு முன்னாடி பசங்களுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லுவீங்களா?" அவர் சிரிக்கறார். "அதெல்லாம் கடைசில வர்ற மெடிக்கல்மா, பாஸ் பண்ணட்டும், அப்போ பாத்துக்கலாம்"ங்கறார். எனக்கு அப்படியே எங்க அத்தை பையன் முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. தம்பி கையைப் புடிச்சு இழுத்துட்டு வெளிய வந்துட்டேன்.

அத்தை பையன் கதை இதுவரைக்கும் சேனல்ல சொன்னதே இல்ல. அவன்கிட்ட கேட்டு, சொல்லுன்னு சொன்ன அப்புறம் தான் சொல்றேன். ரெண்டு வருஷம் படிச்சான். 75 கேள்விக்கு 60 நிமிஷம்னு இருக்கே, அந்த முதல் தேர்வு பாஸ். ரெண்டாவது தேர்வுல ட்ரேடு கேள்வி வர்ற பார்ட் பி, 35 சதவீதம் எடுத்தே ஆகணும், அதுவும் பாஸ். அடுத்து ஆப்டிட்யூட் டெஸ்ட், கவனம், ஞாபகம் எல்லாம் எப்படின்னு பாக்கறது, அதைவிடக் கஷ்டம். அதுல ஒவ்வொரு பிரிவுலயும் 42 டி-ஸ்கோர், அதாவது மத்தவங்களோட ஒப்பிட்டுப் போடற மார்க், வேணும், ஒண்ணுல குறைஞ்சாலும் மொத்தமும் போச்சு. மத்த ரெண்டு தேர்வும் தமிழ்ல எழுதலாம், இது மட்டும் ஆங்கிலம், இந்தி தான். அதையும் தாண்டிட்டான். மெடிக்கல்ல, கலர் பார்வை இல்லைன்னு வெளிய. இந்த வேலைக்கு மெடிக்கல்ல போயிடுச்சுன்னா பதிலுக்கு வேற வேலையும் தர மாட்டாங்க.

இதுல என்னால மன்னிக்க முடியாதது ஒண்ணு இருக்கு. ஆப்டிட்யூட் டெஸ்டுக்குப் போகும்போதே கண் டாக்டர்கிட்ட பார்வைச் சான்றிதழ் வாங்கிட்டு வரச் சொல்வாங்க. அவன் வாங்கிட்டுத் தான் போனான். கொடுத்தவர் எதையும் பாக்காம கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்! அன்னிக்கு அஞ்சு நிமிஷம் ஒழுங்கா பாத்திருந்தா, அவன் அன்னிக்கே வேற வழி பாத்திருப்பான்.

அதனால புதன்கிழமை, வந்த அந்தப் பணத்தை எடுத்துக்கிட்டு தம்பியை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஃபீஸ் 300. அத்தை பையனையும் கூட வாடான்னு கூப்பிட்டேன். வந்தான்.

அங்க ஒரு சின்ன புத்தகம், இஷிஹாரா பேரு. ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு வட்டம், உள்ள முழுக்கப் புள்ளி புள்ளியா கலர், நடுவுல நம்பர் ஒளிஞ்சிருக்கும். முதல் பக்கம் 12, அது எல்லாருக்கும் தெரியும். அப்படியே திருப்பிட்டே வந்தாங்க. ஒரு பக்கத்துல தம்பி "74"ங்கறான். பக்கத்துல நிக்கற அத்தை பையன் மெதுவா, "எனக்கு 21 தானே தெரியுது"ங்கறான். ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைத் தான் பாக்கறாங்க! பச்சை, சிவப்பு சரியா பிரியலன்னா அந்தப் பக்கம் 21ன்னு தான் தெரியுமாம். இருபத்து மூணு வயசு வரைக்கும் அவனுக்கே தெரியாது. ரோட்டு சிக்னல்ல மேல இருக்கறது சிவப்பு, கீழ இருக்கறது பச்சைன்னு இடத்தை வச்சே ஓட்டிட்டான்.

அப்புறம் இன்னொண்ணு, ஃபாகிங் டெஸ்ட். கண்ணாடி இல்லாம ரெண்டு கண்ணும் 6/6, அதாவது குறையில்லாத தூரப் பார்வை, இருக்கணும். அது போதாதுன்னு, பிளஸ் 2 லென்ஸ் ஒண்ணைக் கண்ணு முன்னாடி வச்சுப் படிக்கச் சொல்றாங்க. அதுல மங்கலா தெரிஞ்சா தான் நல்லது. லென்ஸ் வச்சும் கடைசி வரியைப் படிச்சீங்கன்னா, உள்ள ஒளிஞ்சிருக்கற பிளஸ் பவர் இருக்குன்னு அர்த்தம், போச்சு. தம்பி "ஐயோ தெரியலயே"ன்னு பயந்துட்டான். டாக்டரம்மா, "தெரியாம இருக்கணும்பா, அதான் சரி"ன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

முன்னாடி சொல்லியிருக்கணும், விட்டுப்போச்சு. லேசர் பண்ணி கண்ணாடியைக் கழட்டிட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. லாசிக் பண்ணவங்களை இந்த வேலைக்கு எடுக்கறதில்ல. போன்ல வர்ற கலர் டெஸ்டையும் நம்பாதீங்க, ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் கலர் மாறும்.

கமெண்ட்ல நிறைய பேர் கேட்டீங்க, 18 வயசுப் பையன் கையில எப்படி ரயிலைக் குடுப்பாங்கன்னு. பிரிட்டன்ல ரயில் டிரைவருக்கான குறைஞ்ச வயசை 20ல இருந்து 18க்குக் குறைக்கறதா 2025ல அறிவிச்சாங்க, அதைப் பாத்துட்டுக் கேக்கறீங்க. நம்ம ஊர்ல அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கு ஆரம்ப வயசே 18 தான். ஆனா உடனே ஓட்ட விட மாட்டாங்க. முதல்ல டிரெய்னிங், அப்புறம் லோகோ பைலட் பக்கத்துல உதவியாளர். சிக்னல் வர வர ரெண்டு பேரும் கையை நீட்டி, சத்தமா "டபுள் எல்லோ" (ரெண்டு மஞ்சள் விளக்கு), "கிரீன்"ன்னு சொல்லிக்கணும். ஒருத்தர் கண்ணு தப்பினா இன்னொருத்தர் கண்ணு பிடிக்கணும், அதுக்குத் தான். அதுல இருந்து ஷன்டிங் (யார்டுக்குள்ள பெட்டிகளை நகத்தறது), கூட்ஸ், பாசஞ்சர், மெயில் எக்ஸ்பிரஸ்னு ஒவ்வொரு படியா ஏறணும். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,900, ஓடற கிலோமீட்டருக்குத் தனியா அலவன்ஸ். சின்ன வயசுல ஏறினவனுக்குத் தான் மெயில் எக்ஸ்பிரஸ் ஓட்டறதுக்கு நிறைய வருஷம் மிச்சம் இருக்கும். அதனால தான் தம்பியை இப்பவே விரட்டறேன்.

எங்க தாத்தா பேசின் பிரிட்ஜ் ஷெட்ல ஃபயர்மேனா இருந்தவர், உங்களுக்குத் தெரியும். நீராவி எஞ்சின்ல கரி அள்ளிப் போட்டு, அங்க இருந்து டிரைவர் ஆனவர். புதன்கிழமை வீட்டுக்குள்ள நுழையறோம், 400 ரூபாய் பத்தியோ மார்க் பத்தியோ ஒரு வார்த்தை கேக்கல. "கண்ணு பாஸாடா?"ன்னு தான் கேட்டார். தம்பி தலையாட்டினான். தாத்தா எழுந்து போய் அத்தை பையனைப் பக்கத்துல உக்கார வச்சு, அவன் கையைப் புடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தார்.

அத்தை பையன் இப்போ அம்பத்தூர் எஸ்டேட்ல பேனல் போர்டு வேலைல இருக்கான். கோச்சிங் எல்லாம் வேணாம், பார்ட் பியை நானே சொல்லித் தரேன்னு தம்பியை ராத்திரி ராத்திரி உக்கார வச்சுப் பாடம் எடுக்கறான். இன்னிக்கு டிரான்ஸ்ஃபார்மர். எட்டு மணிக்கு ஆரம்பிச்சுடுவாங்க, இட்லிக்குச் சட்னி நான் தான் அரைக்கணும். கிளம்பறேன் மக்களே!