ராயல் பைதானுக்கு ஒரு வீடு

நேயர்களுக்கு என் வணக்கம். பிரித்தானியாவில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் நாயும் பூனையும் கேட்டது போய், இப்போது பாம்பு கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ராயல் பைதான் என்ற சிறு மலைப்பாம்பைத்தான். அதை வாங்கலாமா, வேண்டாமா என்று நான் இன்று வாதிடப் போவதில்லை. வாங்குவது என்று தீர்மானித்துவிட்ட வீட்டில், பாம்பு வந்து சேர்வதற்கு ஒரு வாரம் முன்பாவது அதற்கான பெட்டி பொருத்தப்பட்டு, சூடேறி, அளந்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. பாம்பையும் பெட்டியையும் ஒரே நாளில் வாங்கி, அன்றிரவே கம்பிகளைச் செருகிக் கொண்டிருப்பவர்கள், அந்த உயிரை வைத்துத்தான் தங்கள் கருவிகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராயல் பைதான் வளர்க்க இங்கே உரிமம் தேவையில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயது நிரம்பாதவருக்கு வளர்ப்புப் பிராணியை விற்கக் கூடாது. ஏற்ற இருப்பிடம் தராமல் வைத்திருப்பதும் குற்றம். பாம்பு வளர்க்கும் இந்த நடைமுறையை இந்தியாவில் இருக்கும் உறவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். இந்திய மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது அங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது.

பெற்றோர் யோசிக்க வேண்டிய இன்னொன்று, ஆயுள். நன்றாகப் பேணப்பட்ட ராயல் பைதான் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் வந்த ஒரு பெண் பாம்பு, 2020-இல், குறைந்தது 62 வயதில் முட்டையிட்டுச் செய்தியானது. பத்து வயதுப் பிள்ளை கேட்டு வாங்கும் பாம்பை, அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகு பார்த்துக்கொள்ளப் போவது யார் என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

இந்தப் பாம்பின் சொந்த இடம் கானா, டோகோ, பெனின் முதலான மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகள். பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் முடங்கிக் கிடந்து, இருட்டிய பிறகே வெளியே வரும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்று நாம் சொல்வது அங்கேயும் அப்படியே பொருந்துகிறது. இதை வைத்துக்கொண்டு, சிறிய பிளாஸ்டிக் டப்பாவே போதும் என்று வாதிடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. வளர்ந்த பெண் பாம்பு நான்கு முதல் ஐந்து அடி வரை நீளும். அது உடலை ஓரளவுக்காவது நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பதால், 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும், முடிந்தால் அகலத்தின் அளவுக்கே உயரமும் கொண்ட, முன்புறம் கண்ணாடிக் கதவு வைத்த மரப்பெட்டியை வாங்குங்கள். உயரம் வீண் இல்லை: நைஜீரியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆண் பாம்புகள் மரமேறிப் பறவைகளை அதிகம் பிடித்துத் தின்பது தெரியவந்தது. கனமான கிளை ஒன்றை உள்ளே உறுதியாகப் பொருத்தினால் இரவில் அதில் ஏறிச் சுற்றிக்கொள்ளும்.

பெட்டியின் உயிர்நாடி வெப்பம். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை; சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிப் போய்த்தான் அதைச் சீராக வைத்துக்கொள்கிறது. ஆகவே பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால் அதற்குப் போக்கிடம் இல்லாமல் போகும். ஒரு முனையில், அது படுக்கும் பரப்பில் 32 டிகிரி செல்சியஸ் அளவிலும், மறுமுனையில் 25 அல்லது 26 டிகிரியிலும் இருக்கட்டும். மரப்பெட்டியின் தரையில் சூட்டு விரிப்பைப் போட்டு அதன்மேல் நார்த்தூளைக் குவிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் வெப்பம் மேலே வர வழியின்றி அடியிலேயே தேங்கிவிடும். வளை தோண்டி அடியில் போகும் பாம்பின் வயிற்றுத் தோல் வெந்துபோகும். மேலிருந்து, ஒளியில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் பல்பே நல்லது. அதைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு பல்பையே சுற்றிக்கொள்ளும்.

சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்தச் சூட்டுக் கருவியையும் இயக்கவே கூடாது. செராமிக் பல்புக்குப் பல்ஸ் வகை, ஒளி தரும் பல்புக்கு டிம்மர் வகை என்று கேட்டு வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டின் சூட்டை அளக்கும் சென்சார் முனையைப் பாம்பு இழுத்துப் போட முடியாதபடி பிணைக்க வேண்டும். சென்சார் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்துவிட்டால், பெட்டி குளிர்ந்துவிட்டது என்று கருவி நினைத்துக்கொண்டு சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். அதனால் தனியே ஒரு டிஜிட்டல் வெப்பமானியையும் வைத்து, பாம்பு வருவதற்கு முந்தைய வாரம் காலையிலும் நள்ளிரவிலும் அளவைக் குறித்துப் பாருங்கள். சென்ட்ரல் ஹீட்டிங் அணைக்கப்பட்ட இரவில் அந்த அறை எவ்வளவு குளிர்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பெட்டி பெரிதாக இருந்து உள்ளே வெறிச்சென்று கிடந்தால் இந்தப் பாம்பு மிரண்டு சாப்பாட்டை நிறுத்திவிடும். சூடான முனையிலும் குளிர்ந்த முனையிலும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். பாம்பு உள்ளே சுருண்டால் அதன் விலா நாலா பக்கமும் சுவரைத் தொட வேண்டும். அதுதான் சரியான அளவு. இடையில் செடிகளும் மரப்பட்டைகளும் நெருக்கமாக இருந்தால் ஒளிந்தபடியே நடமாடும்.

தரைக்குத் தென்னை நார்த்தூள் போதும். இங்கே கடைகளில் கட்டியாக விற்கும் அந்தத் தூள் பெரும்பாலும் இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வருவதுதான். செடார் மரத்தூளை மட்டும் தொடவே வேண்டாம். அதன் எண்ணெய் பாம்புக்கு நஞ்சு. ஈரப்பதம் 60 சதவீத அளவில் இருக்கட்டும். அது சரியாக இருக்கிறதா என்பதைப் பாம்பின் சட்டையே காட்டிவிடும். முதலில் கண்கள் நீலம் பாய்ந்து மங்கும், சில நாளில் மீண்டும் தெளியும், அதன்பின் தலை முதல் வால் வரை சட்டை ஒரே துண்டாகக் கழன்று வரும். கழன்ற சட்டையை எடுத்து, தலைப்பகுதியில் கண் மூடிகள், அதாவது கண்களை மூடியிருந்த கண்ணாடி போன்ற செதில்கள், இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டு துண்டாக உரிந்திருந்தால் பெட்டி வறண்டிருக்கிறது என்று பொருள். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டுப் போடவும் மறக்காதீர்கள். மூக்கால் தள்ளியே கதவைத் திறந்துவிடும்.

பாம்பு வந்த முதல் வாரம் அதைத் தூக்க வேண்டாம், விருந்தினரைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். அதன்பின் உறைந்த எலியை முழுமையாக உருக்கி, வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் மாலையில் நீட்டுங்கள். உதட்டோரத்துக் குழிகளால் அது வெப்பத்தை உணர்ந்துதான் தாக்கும். சைவக் குடும்பங்களில் இந்த எலிகளை எங்கே வைப்பது என்ற பேச்சைப் பாம்பு வாங்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கினால் சண்டை மிச்சம். பாம்பைத் தொட்டாலும் அதன் உணவைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி ஒட்டியிருக்கலாம். முதல் உணவை மறுத்தால் கலங்க வேண்டியதில்லை. வளர்ந்த ராயல் பைதான் மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பது வழக்கம். முதலில் வெப்பமானியையும் மறைவிடங்களையும் சரிபாருங்கள். சமையலறைத் தராசு அல்லாத வேறொரு தராசில் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். எடை தொடர்ந்து குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டு செல்லுங்கள். வணக்கம்.