விக்ராந்தை ஒளித்து வைத்த தளபதி

நடுவர் அவர்களே, நாகப்பட்டினத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கடற்படைத் தளபதிக்கு வெற்றி தேடித் தருவது துணிச்சலே என்று எதிரணித் தோழர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். இல்லை, யோசித்துப் போடும் திட்டமே என்பது எங்கள் அணி. பாகிஸ்தானோடு நடந்த போரில், நம் குக்ரி போர்க்கப்பலோடு சேர்ந்து கடலுக்குள் மூழ்கிய கேப்டன் முல்லாவைச் சொன்னார். 1971 டிசம்பர் 9 இரவு அந்தக் கப்பலில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். அந்தப் பெயருக்கு நானும் கைகூப்புகிறேன். ஆனால் இன்றைய கேள்வி வெற்றியைப் பற்றியது. அதே போரில் வங்கக் கடலை வென்று கொடுத்தவர் யார்?

வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919இல் நாகர்கோவிலில் பிறந்த நம் தமிழ்நாட்டுக்காரர். இரண்டாம் உலகப் போரில் டி.எஸ்.சி. வீரப் பதக்கம் வாங்கியவர். “பார்த்தீர்களா, துணிச்சலுக்குத்தானே பதக்கம்?” என்பார்கள். சரி, அது இளம் அதிகாரியாக வாங்கியது. தளபதியான பிறகு அவர் எதை நம்பினார் என்று பாருங்கள்.

1971இல் அவர் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தளபதி. கையில் இருந்த பெரிய ஆயுதம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. அதைத் தேடி மூழ்கடிக்க நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து கிளம்பியது காஸி என்ற நீர்மூழ்கி. வங்கக் கடல் வரை வந்து போரிடும் வலு அன்று பாகிஸ்தானிடம் அந்த ஒன்றுக்குத்தான் இருந்தது.

எஞ்சின் சரியில்லாத விசைப்படகை மார்தட்டிக்கொண்டு ஆழ்கடலுக்கு எடுப்பீர்களா என்று நம் அக்கரைப்பேட்டை மீனவர்களைக் கேளுங்கள். கிருஷ்ணனும் எடுக்கவில்லை. விக்ராந்தை அந்தமானில் ‘போர்ட் எக்ஸ்-ரே’ என்று ரகசியப் பெயர் சூட்டிய இடத்தில் ஒளித்து வைத்தார். விசாகப்பட்டினத்துக்கு அப்பால் ராஜ்புத் என்ற பழைய போர்க்கப்பலை அனுப்பி, விக்ராந்தைப் போல நடிக்கச் சொன்னார். விக்ராந்தின் பெயரில் வயர்லெஸ் செய்திகள் பறந்தன. கரையில் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய இறைச்சிக்கும் காய்கறிக்கும் ஆர்டர் போனது. அதோடு விடவில்லை மனிதர். விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர், உடம்பு சரியில்லாத தன் தாயைப் பற்றி விசாரிப்பதுபோல் ஒரு தந்தி, ரகசியக் குறியீடு எதுவுமில்லாமல் வெளிப்படையாகப் போனது! எதிரி அதை ஒட்டுக்கேட்க வேண்டும், கட்டுப்பாடு மீறிய மாலுமியால் கப்பல் இருக்குமிடம் வெளிப்பட்டுவிட்டது என்று நம்ப வேண்டும். அதுதான் திட்டம். எதிரியின் மனசுக்குள் போய் உட்கார்ந்து யோசிக்காமல் இது யாருக்கு வரும்?

டிசம்பர் 3-4 நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டில் மூழ்கியது என்கிறது நம் கடற்படை. தன் கண்ணிவெடியிலேயே சிக்கிக்கொண்டது என்கிறது பாகிஸ்தான். எது உண்மையானாலும் எனக்குக் கவலையில்லை. விக்ராந்த் இல்லாத இடத்துக்குக் காஸி ஏன் வந்தது? தளபதி விரித்த வலைக்கு வந்தது. வந்ததே அவருடைய வெற்றி.

அப்புறம், இராசேந்திர சோழன் அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தியதையும் தோழர் துணிச்சல் கணக்கில் சேர்த்தார். இந்த நாகைக் கரையில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லலாமா? பாய்மரக் கலம் காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும். எந்த மாதம் எந்தக் காற்று, படைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு குடிநீர் என்று கணக்குப் போடாதவன் கடாரம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.

டிசம்பர் 4 அன்று விக்ராந்திலிருந்து விமானங்கள் கிளம்பி, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. டிசம்பர் 16, டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவுப் பத்திரம் கையெழுத்தாகும் அந்தப் புகழ்பெற்ற படத்தில், பின்னால் நிற்பவர்களில் கிருஷ்ணனும் ஒருவர். எதிரணியினர் போற்றும் துணிச்சலோடு அவர் நவம்பரிலேயே ‘வா பார்க்கலாம்’ என்று விக்ராந்தைக் காஸியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், சிட்டகாங் மேல் பறக்க விமானம் எங்கிருந்து கிளம்பியிருக்கும்? நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.