ஆஸ்பத்திரித் தொடர் பார்த்தால் ஏன் அழுகை வருகிறது?

அடுத்த கேள்வி, தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி அனுப்பியிருக்கிறார்கள். "தம்பி, நம்ம சீரியல்ல ஆஸ்பத்திரி வந்தாலே கண்ணுல தண்ணி வந்துருது. பேத்தி பார்க்கிற இங்கிலீஷ் தொடர்ல யாரும் அழுகிறதே இல்லை, ஆனா நெஞ்சு படபடங்குது. நெசமான ஆஸ்பத்திரி இதுல எது மாதிரி?"

ஆச்சி, காரைக்குடியில் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்களை அழ வைப்பதில் பெரும்பங்கு பின்னணி இசைக்குத்தான். டாக்டர் கதவைத் திறந்து மாஸ்க்கைக் கழற்றுவதற்குள் வயலின் சேதியைச் சொல்லிவிடுகிறது. நோயாளி அங்கே சும்மா படுத்திருப்பார். கதை எல்லாம் வராந்தாவில் நிற்கும் மருமகளுக்கும் மாமியாருக்கும்தான். இதை நான் பொய் என்று தள்ள மாட்டேன். பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் எங்கள் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலீஷ் தொடரின் படபடப்பு வேறு வகை. 1994-இல் 'ஈ.ஆர்.' என்று, அவசரப் பிரிவைப் பற்றி ஒரு தொடர் வந்தது. உருவாக்கிய மைக்கேல் கிரைட்டன் மருத்துவம் படித்தவர். அதில் கேமராவே ஸ்ட்ரெச்சரோடு ஓடும், பேச்சு பாதி புரியாது, அழுவதற்கு நேரம் தர மாட்டார்கள். 2025-இல் வந்த 'தி பிட்' இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் சீசன் முழுக்க 15 மணி நேரம் நீளும் ஒரே ஷிப்ட். ஓர் எபிசோடுக்கு ஒரு மணி நேரம். பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. மானிட்டர் சத்தம், டிராலி உருளும் சத்தம், பக்கத்துப் படுக்கையில் முனகல், அவ்வளவுதான். ஒருவர் இறந்த பத்தாவது நிமிஷம் அடுத்த படுக்கைக்குப் போய் "எங்கே வலிக்குது?" என்று கேட்டாக வேண்டும். எங்கள் பிழைப்பு அதுதான், ஆச்சி.

ஆனால் இரண்டு வகையிலும் ஒன்று எனக்கு மனவருத்தம் தருகிறது. திரையில் இதயம் நின்றால் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். 1996-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், தொடர்களில் நெஞ்சை அழுத்தி முதலுதவி பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் அப்போதைக்குப் பிழைத்திருந்தார்கள். நிஜத்தில், அமெரிக்காவிலேயே ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புவது சுமார் 10 சதவீதம்தான். அப்புறம் அந்த ஷாக் மெஷின். மானிட்டரில் கோடு முழுக்க நேராகிவிட்டால் ஷாக்கால் பலனில்லை. நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் ஊசியும்தான் வழி. இது தெரியாமல், "ஷாக் குடுக்காமலே விட்டுட்டாங்களே" என்று ஒரு மகன் காலமெல்லாம் மறுகுவது பெரிய கொடுமை.

சேதி சொல்வதையும் தொடர்கள் அவசரமாக முடித்துவிடுகின்றன. "ஸாரி" என்று சொல்லிவிட்டு டாக்டர் நடந்துவிடுவார். நாங்கள் குடும்பத்தாரைத் தனியாக உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு, கூடவே பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தை முழுதாகக் காட்டும் தொடர்தான் என்னைப் பொறுத்தவரை நல்ல தொடர்.

சரி, பேத்தியோடு சேர்ந்தே பாருங்கள் ஆச்சி. ரத்தமும் காயமும் பச்சையாகவே காட்டுவார்கள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம்.