அலமாரியில் கிடக்கும் பிளேஸ்டேஷன் 4, லினக்ஸ் கணினியாக

நேயர்களுக்கு வணக்கம். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும்போது வாங்கி வந்த பிளேஸ்டேஷன் 4, குளச்சலிலோ முட்டத்திலோ உங்கள் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறதா? அதற்குள் எட்டு கோர் ஏஎம்டி ப்ராசஸரும் 8 ஜிபி ராமும் இருக்கின்றன. விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸை ஏற்றினால் கடிதம் அடிக்க, கணக்குப் போட, இணையம் பார்க்க உதவும். ஆனால் எடுத்தவுடனே அதற்கு வைஃபை கொடுத்துவிடாதீர்கள். அப்டேட் ஏறிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியே இல்லை.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் சிஸ்டம் இன்பர்மேஷன். அங்கே தெரியும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு மென்பொருள் ஓடாதபடி சோனி போட்டிருக்கும் பூட்டைத் திறக்க முடியுமா என்பது அந்த எண்ணைப் பொறுத்ததுதான். 9.00 என்றிருந்தால் நல்ல யோகம். 11.00 என்றால், 2024-இல் வெளிவந்த முறை ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னொரு கணினியை லேன் கேபிளில் இணைக்க வேண்டும். இன்று 9.00-ஐ மட்டும் பார்ப்போம்.

லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு உள்ள சாதாரண பென்டிரைவைச் செருகினால் ஏன் ஓடாது என்று கேட்பீர்கள். ப்ராசஸர் கணினி வகைதான். ஆனால் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் உள்ளே கிடையாது. யூஎஸ்பி, லேன் போன்றவற்றைக் கவனிக்கும் சவுத்பிரிட்ஜ் சிப்பும் சோனிக்கென்றே செய்தது. அதனால் பிஎஸ்4-க்கென்று திருத்திய கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வேண்டும். இதில் லினக்ஸ் ஓடும் என்பதை ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் குழு 2015 டிசம்பரில் மேடையிலேயே காட்டியது. பிளேஸ்டேஷன் 3-இல் இந்தப் பாடெல்லாம் இல்லை. லினக்ஸ் ஏற்ற சோனியே இடம் கொடுத்திருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட்டில்தான் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் 256 எம்பி ராமை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு பிரவுசரைக்கூட ஒழுங்காகத் திறக்க முடியாது.

வேண்டிய சாமான்கள்: யூஎஸ்பி கேஸில் போட்ட 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, ஏதாவது ஒரு சிறிய பென்டிரைவ், யூஎஸ்பி ஹப், கீபோர்டு, மவுஸ். முன்பக்கம் இரண்டே யூஎஸ்பி துளைகள் என்பதால் ஹப் இல்லாமல் முடியாது. மானிட்டர் 1920-க்கு 1080 காட்டுவதாக இருக்கட்டும். பழைய மானிட்டரில் கன்வெர்ட்டர் மாட்டினால் பெரும்பாலும் கருப்புத் திரைதான்.

எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பகுதி ஃபேட்32. கெர்னலும், லினக்ஸ் தொடங்கும்போது முதலில் ராமில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் அதில். மீதி இஎக்ஸ்டி4; லினக்ஸ் குடியிருப்பது அங்கே. அந்தப் பகுதிக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதை நீங்கள் எடுக்கும் லினக்ஸின் குறிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். ஓர் எழுத்து பிசகினாலும் லினக்ஸ் அந்தப் பகுதியைக் கண்டுபிடிக்காது.

சறுக்கும் இடம் அடுத்தது. சிறிய பென்டிரைவில், 9.00-இன் பூட்டைத் திறக்க உதவும் இமேஜ் கோப்பை எழுத வேண்டும். எழுத வேண்டும் என்றேன், காப்பி செய்வதல்ல. ரூஃபஸ் போன்ற மென்பொருளில்தான் செய்ய வேண்டும். பிறகு பிஎஸ்4-இன் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, வைஃபை கொடுத்து, அதன் பிரவுசரில், 9.00-இன் பூட்டைத் திறக்கும் இணையப் பக்கத்தைத் திறங்கள். பென்டிரைவைச் செருகச் சொல்லும். அதற்கு முன்னால் செருகினால் மெஷின் அணைந்துபோகும். செருகியதும் ஒரு அறிவிப்பு வரும். அது மறையும்வரை பொறுத்து ஓகே கொடுங்கள். தோற்றால் பயப்பட வேண்டாம், அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். மூன்று நான்கு தடவை ஆவது சகஜம்.

திறந்துகொண்டதும் பென்டிரைவை உருவிவிட்டு எஸ்எஸ்டியை மாட்டி, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலான லினக்ஸ் பேலோடை அனுப்புங்கள். அதில் 1 ஜிபி, 2 ஜிபி, 3 ஜிபி என்று வகைகள் இருக்கும். வீடியோவுக்கு ஒதுக்கும் ராம் அது. ஆபீஸ் வேலைக்கு 1 ஜிபி தாராளம். கூட்டிக் கேட்டால் மற்ற வேலைகளுக்கான ராம் அவ்வளவும் குறையும்.

கருப்புத் திரையிலேயே நின்றால் கெர்னல் பொருந்தவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சவுத்பிரிட்ஜில் ஏயோலியா, பெலிஸ், பைக்கால் என்று மூன்று வகை உண்டு. கடைசி வகைதான் அதிகம் படுத்தும். சில மாடல்களில் வைஃபை எடுக்காது. லேன் கேபிள் போட்டால் தீர்ந்தது.

வேகம்? விலை குறைந்த லேப்டாப் அளவுக்கு எதிர்பாருங்கள். லிப்ரே ஆபீஸும் தமிழ்99 விசைப்பலகையும் நன்றாகவே ஓடும். இந்த வேலைக்குப் பிறகு அந்தப் பெட்டியை சோனி கணக்கோடு இணைக்காதீர்கள், கணக்கை முடக்கிவிடுவார்கள்.

ஒரு குறை நிரந்தரமானது. திறந்த பூட்டு ராமில் மட்டுமே நிற்கும். கரண்டு போனால் முதலிலிருந்து வர வேண்டும். ஆனி ஆடியில் காற்றும் மழையும் அடிக்கும்போது நம் பக்கம் கரண்டு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 600 விஏ யூபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோர வீடு என்றால் உப்புக்காற்று ஃபேனிலும் பின்பக்கத் துளைகளிலும் பச்சை பிடிக்க வைத்திருக்கும். நடுவில் குழியுள்ள நட்சத்திர பிட்டால் திறந்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடையுங்கள். ப்ராசஸர் மேல் காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டாமல் துடைத்தெடுத்துப் புதிதாகப் பூசுங்கள். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு பிளக்கை மாட்டினால் போதும்.