சுவிட்ச் 2: கைக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று

வணக்கம் நேயர்களே. நின்டெண்டோ நிறுவனத்தின் வீடியோ கேம் கருவியான சுவிட்ச் 2 வெளிவந்தது 2025 ஜூன் மாதம். 2017-இல் வந்த முதல் சுவிட்சைப் போல இதையும் கையில் வைத்து ஆடலாம், டிவியில் போட்டும் ஆடலாம். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே தரம் கிடைக்காது. வீட்டில் எது அதிகம் நடக்கும் என்று யோசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கையில் பிடித்தால் திரை 7.9 அங்குலம், படத் துல்லியம் 1080பி. பழையது 6.2 அங்குலம், 720பி. வித்தியாசம் உடனே தெரியும். குறையும் தெரியும். வேகமான காட்சிகளில் உருவம் கொஞ்சம் இழுபடுகிறது. 2021-இல் வந்த ஓஎல்இடி மாடலில் பழகிய கண்ணுக்குக் கருப்பு நிறம் வெளிறித் தோன்றும். நின்டெண்டோ சொல்லும் பேட்டரிக் கணக்கு 2 மணியிலிருந்து 6.5 மணி வரை. பெரிய விளையாட்டு என்றால் சின்ன எண்ணையே நம்புங்கள்: சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறி, கிழக்கே பாசிர் ரிஸ் போய்த் திரும்புவதற்குள் தீர்ந்துவிடலாம்.

திரையின் ஓரத்தில் ஒரு மெல்லிய படலம் தெரியும். கடையில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் என்று நினைத்து நகத்தால் உரித்துவிடாதீர்கள். கண்ணாடி உடைந்தால் துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்வது அதுதான். பாதுகாப்புக் கண்ணாடி வேண்டுமானால் அதன் மேலேயே ஒட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் ஜாய்கான், அதாவது திரையின் இரு பக்கமும் மாட்டும் கைப்பிடிகள். முன்பு திரையின் ஓரத்திலுள்ள தடத்தில் சறுக்கிப் பொருத்த வேண்டும். இப்போது பக்கத்தில் கொண்டுபோனாலே காந்தம் இழுத்துக்கொள்கிறது. கழற்ற, பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் போதும். ஒன்றைப் பக்கவாட்டில் மேசைமேல் வைத்து நகர்த்தினால் கணினி மௌஸ் போல வேலை செய்யும். கண்ணாடி மேசையில் சென்சார் தடுமாறும், ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். பழைய ஜாய்கான்கள் இதில் மாட்டாது, கம்பியில்லாமல் மட்டும் இணையும்.

இனி டிவி. டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் வைத்தால், 1080பியைவிடத் துல்லியமான 4கே படம், விநாடிக்கு 60 பிரேம் வரை கிடைக்கும். படம் வரவில்லை என்றால் முதலில் சார்ஜரைப் பாருங்கள். பழைய சுவிட்சின் சார்ஜர் 39 வாட், இதற்கு 60 வாட் வேண்டும். பழையதைச் செருகினால் பேட்டரி ஏறும், டிவியில் படம் வராது. எச்டிஎம்ஐ கேபிளும் பெட்டியில் இருப்பதையே போடுங்கள். டிவிக்குப் பின்னால் ஏற்கெனவே தொங்கும் பழைய கேபிளில் 4கே வராமல் போகலாம். டிவியின் அமைப்புகளில் அந்த எச்டிஎம்ஐ துளைக்குரிய உயர்தர சிக்னலையும் இயக்கிவிடுங்கள்.

பலர் பணத்தைக் கோட்டைவிடுவது மெமரி கார்டில். உள்ளே இருப்பது 256 ஜிபி. பெரிய விளையாட்டு ஒன்றே 60 ஜிபியைத் தாண்டலாம். கூடுதல் இடத்துக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். சாதாரணக் கார்டில் விளையாட்டுகளைப் பதிய முடியாது. கார்டின் பின்புறம் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேறொரு வகைக் கார்டிலும் அப்படி இருக்கும். முன்பக்கத்தில் எக்ஸ்பிரஸ் அல்லது இஎக்ஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்கும் சில விளையாட்டு அட்டைகளில் விளையாட்டைத் திறக்கும் சாவி மட்டும்தான் இருக்கும், முழு விளையாட்டையும் இணையத்தில் இறக்க வேண்டும். அட்டையிலேயே எல்லாம் இருக்கிறது என்று நினைத்து இடத்தைக் கணக்குப் போட்டால் தவறிவிடும்.

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கவனியுங்கள். அங்கே 2025-இல் 49,980 யென்னுக்கு வெளிவந்தது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல். ஜப்பான் என்று பதிவான கணக்குதான் அதில் இணையும். மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவந்தால் உங்கள் சிங்கப்பூர்க் கணக்கை அது ஏற்காது. பிளக்கும் நம் மூன்று முனை சாக்கெட்டுக்குப் பொருந்தாது.

கடைசியாக வெப்பம். நின்டெண்டோ சொல்லும் அளவு 5 முதல் 35 டிகிரி செல்சியஸ். நம் ஊர் மதிய வெயிலே அந்த மேல் எல்லையை நெருங்கும். வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் டாக்கை அடைத்துவைத்தால் காற்று போக வழியிருக்காது. அலமாரிக் கதவைத் திறந்துவையுங்கள், டாக்கின் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். எப்போதும் டாக்கிலேயே இருக்கும் என்றால், சார்ஜை 90 சதவீதம் அளவில் நிறுத்தும் அமைப்பை முதல் நாளே இயக்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.