பேறுகாலத்துக்கு ஃப்ளைட் ஏறுன இனுயிட் அம்மாக்கள்

ஹாய் மக்களே, வணக்கம். இன்னைக்கு இனுயிட் குழந்தைங்க எங்க, எப்படிப் பொறக்கறாங்கன்னு பேசப் போறேன், நம்ம ஸ்கூல் புக்ல எஸ்கிமோன்னு படிச்சோம்ல அவங்கதான், ஆனா அந்தப் பேரு அவங்கள்ல நிறைய பேருக்குப் பிடிக்காது, நாமளும் இனுயிட்னே சொல்லிப் பழகுவோம்.

கனடால கியூபெக் மாகாணத்தோட வடகோடில நுனாவிக்னு ஒரு பகுதி. மொத்தம் 14 ஊரு, ஊருக்கு ஊரு ரோடே கிடையாது. அங்க முன்னாடில்லாம் மாசமா இருக்கற பொண்ண நாள் நெருங்குனதும் ஃப்ளைட்ல ஏத்தி தெற்க எங்கயோ ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க, வாரக்கணக்கா அங்கயே கெடக்கணும், புருஷன் கூட இல்ல, பெத்தவ கூட இல்ல, இவங்க பேசறது இனுக்டிடுட், சுத்தி இருக்கறவங்க பேசறது இங்கிலீஷும் ஃப்ரெஞ்சும், வீட்ல மத்த பிள்ளைங்க அம்மாவத் தேடி அழுதுட்டு இருக்கும்.

இன்னொன்னு கேளுங்க. அந்த ஊர் வழக்கத்துல தொப்புள்கொடிய யாரு அறுக்கறாங்களோ அவங்களுக்கும் அந்தக் குழந்தைக்கும் ஆயுசுக்கும் உறவு. பையன் வளந்து முதமுதல்ல வேட்டைல எதப் பிடிச்சாலும் அது அவங்க கைக்குத்தான் போகும். எங்கயோ ஒரு டவுன்ல யாரோ ஒரு ட்யூட்டி டாக்டர் அறுத்துட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டா, அந்தப் பையன் யாரைத் தேடிப் போவான்? இது தெரிஞ்சப்ப எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு.

பொண்ணுங்க விடல. ஊர்லயே பிள்ளை பெத்துக்கணும்னு பிடிவாதமா நின்னு, 1986ல புவிர்னிடுக் ஊர்ல பிரசவ மையம் வந்துச்சு. உள்ளூர் பொண்ணுங்களே கூட இருந்து பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டு மிட்வைஃப் ஆனாங்க. அப்புறம் 1998ல இனுக்ஜுவாக், 2004ல சல்லுயிட்.

ஆபத்து இல்லையான்னு கேப்பீங்க, அங்க சிசேரியன் வசதி கிடையாது, உண்மைதான், அதனால ஒவ்வொரு கர்ப்பத்தையும் மிட்வைஃப், டாக்டர், நர்ஸ்னு எல்லாரும் உக்காந்து பேசி, சிக்கல் வரும்னு தோணுனா அவங்கள மட்டும் ஃப்ளைட்ல அனுப்பறாங்க. மத்தவங்க வீட்டுப் பக்கத்துலயே பெத்துக்கறாங்க.

ஆனா பக்கத்துல நுனாவுட்னு இன்னொரு இனுயிட் பகுதி இருக்கு, கனடாலதான், அங்க இன்னமும் பல ஊர் அம்மாக்கள் பிரசவத்துக்கு ஃப்ளைட்தான் ஏறணும், அங்கயும் உள்ளூர் பொண்ணுங்களுக்கு இந்த வேலைய கத்துக் குடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

கனடால நர்ஸா இருக்கறவங்க யாராவது பாத்தா கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல அமௌட்டி காட்றேன், அந்த அம்மாக்கள் போடற கோட்டு, முதுகுப் பக்கம் உள்ளயே ஒரு பை, குழந்தை அதுல அம்மா மேல ஒட்டிக்கிட்டு தூங்கும்.